வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே

அந்தப் பால் பண்ணையில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளோடு சரி. விடிந்ததும் அவர் செய்யும் முதல் வேலையிலிருந்து வந்த பெயர் அது. ஒவ்வொரு மாட்டின் இடப்பக்கமும் போய், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பள்ளமாக இருக்கும் இடத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். உள்ளே தூரத்து இடி மாதிரி ஒரு உருட்டல் எழும்பி அடங்கும். இரண்டு நிமிடத்தில் மூன்று தடவை அது வந்தால் மாடு நன்றாக இருக்கிறது. இரண்டு தடவைதான் வந்தால் அன்றைக்கு அதன்மேல் ஒரு கண். ஒரு தடவை என்றால் டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான்.

"காதுக்காரர் சொல்லிட்டா அப்பீலே கிடையாது" என்பார் முதலாளி. வெளியாட்கள் வந்தால் அவரைக் கூப்பிட்டு நிறுத்திப் பெருமையாகக் காட்டவும் செய்வார்.

இருபத்தேழு வருஷம். கன்று போட வைத்திருக்கிறார், காய்ச்சலுக்கு மருந்து புகட்டியிருக்கிறார், உப்பிய வயிற்றில் எண்ணெய் தேய்த்துக் காற்றை இறக்கியிருக்கிறார். ஆனால் ஒரு மாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. ஏதாவது செத்துப்போனால் லாரி வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை பருத்திக்கொட்டை மூட்டைகள் இருக்கும் அறைக்குள் போய் எதையாவது அடுக்கிக்கொண்டிருப்பார். "உசிரோட பார்த்ததைக் கிழிச்சுப் பார்க்கணுமா" என்பது அவர் கட்சி.

பண்ணையில் அறுபத்து நான்கு மாடுகள். சாலையை ஒட்டிய முன் கொட்டகையில் இருபத்திரண்டு. அவற்றுக்கு வேலி போட்ட ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. மீதி நாற்பத்திரண்டும் பின் கொட்டகை. அவை மேயப் போவதில்லை, கட்டிய இடத்திலேயே தீனி. இரண்டு கொட்டகைக்கும் பொதுவாக, பின்பக்கம் ஒரு பெரிய குழி. பச்சைச் சோளத்தட்டையை வெட்டி அதில் கொட்டி, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி, புளிக்கவிட்டு வருஷம் முழுக்க எடுத்துப் போடுவார்கள். ஊறுகாய்ப்புல் என்பார்கள். தார்ப்பாய் பறக்காமலிருக்க அதன்மேல் பழைய லாரி டயர்கள். அறுபது டயர் இருக்கும்.

அந்த டயர்களைக் கொண்டுவந்தது காதுக்காரர்தான். அவர் மச்சினன், மனைவியின் தம்பி, டயர்க்கடை வைத்திருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் கடையை இடம் மாற்றும்போது, "மாமா, தேஞ்சுபோன டயரை எல்லாம் எங்கே கொட்டுறதுன்னு தெரியலை" என்று புலம்பினான். இவர் முதலாளியிடம் சொல்லி, மூன்று நடை வண்டி ஓட்டி எல்லாவற்றையும் பண்ணைக்குக் கொண்டுவந்து இறக்கினார். காசில்லாமல் காரியம் முடிந்தது என்று முதலாளி தோளில் தட்டினார்.

முதலில் போனது முன் கொட்டகையின் கருப்பி. நான்கு வயது, திடகாத்திரமான மாடு. ஒருநாள் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நின்றது. முதுகை வில்லாக வளைத்து, முன்னங்கால் முட்டிகளை உடம்பிலிருந்து அகட்டிக்கொண்டு, எங்கோ வலிப்பதைச் சொல்லத் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. சரிவில் இறங்க மாட்டேன் என்றது. ஏறச் சொன்னால் ஏறியது. காது வைத்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு உருட்டல், அதுவும் அரைகுறையாக. ஒரு வாரத்தில் தாடைக்கடியிலும் மார்புக்கு முன்னாலும் நீர் கோத்துத் தொங்கியது. கழுத்தின் இரண்டு பக்கமும் ரத்தக்குழாய் மண்வெட்டிக் காம்பு தடிமனுக்குப் புடைத்து நின்றது. பத்தாம் நாள் செத்தது. நுரையீரல் காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அதே கொட்டகையில் வெள்ளைநெற்றி அதேபோல் முட்டியை அகட்டி நின்றபோது அவர் அன்றைக்கே டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

கால்நடை மருத்துவர் சின்ன வயசுப் பெண், குள்ளம், பேச்சில் ஈவிரக்கம் கிடையாது, கையில் நிறைய உண்டு. டாக்டரம்மா என்பார்கள். அவர் வெள்ளைநெற்றியின் முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், விலாவில், இதயத்துடிப்பு கேட்கும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அதைக் காதுக்காரரின் காதில் மாட்டினார்.

"என்ன கேக்குது?"

"லப் டப்புனு வரணும். இது..." அவர் தேடினார். "பாதி நிறைஞ்ச குடத்தைத் தூக்கிட்டு நடந்தா வருமே, சளக் சளக்னு, அப்படி இருக்கு."

"அதேதான். ரெண்டு நாள் தாங்காது. செத்தா லாரிக்குச் சொல்லாதீங்க. எனக்குச் சொல்லுங்க. திறந்து பார்க்கணும்."

செத்தது. அன்றைக்கு டாக்டரம்மாவின் உதவியாளர் விடுப்பு. காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். மூட்டை அறைக்குள் போய்விடலாம் என்று நழுவியவரை டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"நீங்கதான் பிடிக்கணும். மத்தவங்களுக்கு இந்த மாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

இப்படித்தான், இருபத்தேழு வருஷம் வெளியிலிருந்து கேட்டதை அவர் ஒரு முற்பகலில் உள்ளே பார்த்தார். வயிற்றைத் திறந்ததும் இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பை சரிந்தது. ஒரு பீப்பாய்த் தண்ணீர் பிடிக்கும். "நீங்க தினம் கேக்கிற உருட்டல் இதுதான்" என்றார் டாக்டரம்மா. "மாடு மெல்லாமலே முழுங்கும். முதல்ல எல்லாம் இங்கே வந்து விழும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிங்க இதுக்குள்ள உக்காந்து புல்லைக் கரைக்குது. அப்புறம் மாடு படுத்துக்கிட்டு, கவளம் கவளமா வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து மெல்லும்." அடுத்தடுத்துக் காட்டிக்கொண்டே போனார். தாள் தாளாக மடிந்து, நனைந்த நோட்டுப்புத்தகம் போல ஒரு வயிறு. தண்ணீரைப் பிழிந்தெடுப்பது அதன் வேலை. அதற்கடுத்தது மனிதர்களுக்கு இருப்பதைப் போன்ற வயிறு, அமிலம் சுரப்பது. அதிலிருந்து குடல், சுருள் சுருளாக, முடிவே இல்லாமல்.

"ஒண்ணை விட்டுட்டீங்களே" என்றார் அவர். பெரிய பைக்கு முன்னால், விலாக்கூட்டுக்குள் பதுங்கினாற்போல் ஒரு சின்னப் பை இருந்தது.

"விடலை. அதுக்குத்தான் வர்றேன்."

அதை அறுத்து விரித்தார். உட்சுவர் முழுக்க ஆறு பக்க அறைகள், தேன்கூட்டை அச்சில் எடுத்து வைத்தமாதிரி. டாக்டரம்மா குரல் தாழ்ந்தது. "கனமா எது உள்ளே போனாலும் இங்கேதான் வந்து விழும். கல்லு, ஆணி, எதுவானாலும். இந்தச் சுவர் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, சுருங்கிட்டே இருக்கும். சுருங்கும்போது, நீளமா கூரா ஒண்ணு கிடந்தா அது எங்கே போகும்?"

தேன்கூட்டுச் சுவருக்கு அப்பால் ஒரு மெல்லிய தசைத்தகடு, உதரவிதானம். வயிற்றையும் மார்பையும் பிரிக்கிற மறைப்பு. மூச்சு வாங்கும்போதெல்லாம் அது பின்னால் போய் முன்னால் வரும். அதற்கு அந்தப் பக்கம், கிட்டத்தட்ட ஒட்டினாற்போல், இதயம் ஒரு உறைக்குள். நடுவில் இரண்டு விரல் தூரம்கூட இல்லை.

இதய உறை அழுகிய பாலாடை போலத் தடித்திருந்தது. அறுத்ததும் நாற்றத்தோடு சீழ்நீர் வாளிக்கணக்கில் கொட்டியது. "குடத்துல தண்ணி ஆடினமாதிரி கேட்டுச்சே, இதுதான். இவ்வளவும் சுத்தி நின்னு நெருக்கினா இதயம் எப்படி விரியும்? உடம்பு சுத்திட்டு வர்ற ரத்தத்தை வாங்கிக்க அதுக்கு இடமில்லை. வெளியே நிக்கிற ரத்தம் கழுத்துக் குழாயில தேங்குது. கல்லீரல் வீங்குது. தாடைக்குக் கீழே நீர் கோக்குது."

பிறகு இடுக்கியை நுழைத்து அவர் எதையோ உருவினார். ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு கம்பி. மெல்லியது, கருத்தது, நெளிநெளியாக. வளைத்துவிட்டதும் சுண்டித் தன் நெளிவுக்கே திரும்பியது.

 அந்த நெளிவைக் காதுக்காரரின் உள்ளங்கைக்குத் தெரியும். தினமும் காலையில் குழியைத் திறக்க டயரைப் புரட்டும்போது, வெயிலில் வெடித்த ரப்பரிலிருந்து நீட்டிக்கொண்டு குத்துவது அதுதான்.

"வேலிக் கம்பியா?" என்று கேட்டபடி முதலாளி வந்தார். முன் கொட்டகையின் மேய்ச்சல் நிலத்து வேலியை அந்தக் கோடையில்தான் புதுப்பித்திருந்தார்கள். டிராக்டர்காரர் பழைய கம்பியை வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்டியிருந்தார்.

"வேலிக் கம்பி இதைவிடத் தடிமனில்லையா?" என்று டாக்டரம்மா யோசித்தார். "ஆனா உள்ளே ஊறித் தேய்ஞ்சிருக்கலாம். செத்த ரெண்டும் மேயப் போற மாடுங்கதானே? பின் கொட்டகையில ஒண்ணுக்கும் ஒண்ணுமில்லையே."

"அவனைக் கூப்பிடுங்க" என்றார் முதலாளி.

டிராக்டர்காரர் கையில் கிரீஸோடு ஓடிவந்தார். முப்பத்தைந்து வயசு, வாயாடி, எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள். அன்றைக்குச் சிரிக்க வைக்க முடியவில்லை. "முதலாளி, வெட்டின துண்டு ஒவ்வொண்ணையும் பொறுக்கிச் சாக்குல போட்டுத்தான் கொண்டுவந்தேன். வேணும்னா சாக்கைக் காட்டுறேன்."

"சாக்குல இருக்கிறது சாக்குல இருக்கு. மாட்டு நெஞ்சுல இருந்தது எங்கேயிருந்து வந்துச்சு?"

காதுக்காரர் இன்னும் மாட்டின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. எலும்பில்லாத நாக்கு என்பார்கள். அன்றைக்கு அது கல்லாகிக் கிடந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார், எடுத்த கையை நிறுத்தவில்லை.

"நிச்சயமாத் தெரியுமா?"

"என் கையை எத்தனை தடவை கிழிச்சிருக்கு. எனக்குத் தெரியாதா?"

"டாக்டரம்மாவே வேலிக் கம்பின்னு சொல்றாங்க. படிச்சவங்க. நீங்களாப் போய் மச்சினன் கடை டயரு, நான்தான் கொண்டுவந்தேன்னு தலையைக் கொடுக்கணுமா? டயரை எடுத்துட்டு வேற எதையாவது வைங்க. இனிமே போகாம இருந்தா சரிதானே?"

அது நியாயமாகப் பட்டது. பயந்தவனுக்கு எல்லா நியாயமும் எடுபடும்.

மறுநாளே முதலாளியிடம் போய், டயரில் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்கிறது, மணல் மூட்டை வைத்துவிடலாம் என்றார். "இதுக்குத்தான் காதுக்காரர் வேணும்கிறது" என்று முதலாளி பாராட்டினார். இரண்டு நாளில் அறுபது டயரும் போய் மூட்டைகள் வந்தன. தார்ப்பாயின் மேல் கிடந்த கம்பிகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினார். இரண்டு கை நிறைய வந்தது. தீனியைத் தட்டில் போடும் முன் விரல்களால் கோதிப் பார்த்தார். இனிமேல் ஒன்றும் போகாது. ஆனால் ஏற்கெனவே போனது? காலையில் ஒவ்வொரு வயிற்றிலும் காது வைக்கும்போது, உருட்டலை இப்போது அவர் வேறு மாதிரி கேட்டார். தேன்கூட்டுச் சுவர் சுருங்குவது அவர் கண்ணுக்குள் தெரிந்தது. மாடுகள் அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. பால் குறையவில்லை. எதன் உள்ளே இருக்கிறது, எதன் உள்ளே இல்லை என்று தோலைப் பார்த்தால் தெரியாது.

டாக்டரம்மா காந்தங்கள் வரவழைத்தார். சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பருமனான உருளைகள், இரண்டு முனையும் வழவழப்பாக இருக்கும். தொண்டைக்குள் குழாய் வைத்து ஊதிவிட்டால் நேராகப் போய்த் தேன்கூட்டு வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே கிடக்கும் கம்பியைத் தன்னோடு ஒட்டவைத்து, குத்த விடாமல் ஆயுசு முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். வந்தவை இருபது. முன் கொட்டகையில் மிச்சமிருந்த மாடுகளுக்கு மட்டும்.

"பின் கொட்டகைக்கு?" என்று காதுக்காரர் கேட்டார். குரல் எப்படியோ வந்துவிட்டது.

"அதுங்கதான் வேலிப் பக்கமே போகலையே. இந்தக் காந்தம் சுலபமாக் கிடைக்காது, எதுக்கு வீணாக்கணும்?"

இப்போது சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "சும்மா கேட்டேன்" என்றார் காதுக்காரர். அவரே ஒவ்வொரு மாட்டின் வாயையும் பிடித்துத் தூக்கி இருபது காந்தங்களையும் போட்டார்.

அந்த வாரமே முன் கொட்டகையில் மூன்றாவதும் போயிற்று. காந்தம் போடுவதற்கு முன்பே கம்பி தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. முதலாளி டிராக்டர்காரரை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிராக்டர்காரர் தீனித் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, பதினொரு வருஷமா பார்க்கிறீங்க. நீங்க சொல்லுங்க. நான் கம்பியைக் கண்ட இடத்துல போட்டுட்டுப் போற ஆளா?"

காதுக்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவருக்கே தெரியவில்லை. டிராக்டர்காரர் பையைச் சரிசெய்துகொண்டார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வெள்ளைநெற்றியைத் திறந்த பத்தொன்பதாம் நாள் காலையில் பின் கொட்டகையில் கோணக்கொம்பியிடம் வந்தார். ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்த செவலை, ஏழு மாதச் சினை. காது வைத்தார். காத்திருந்தார். உருட்டல் வரவில்லை. மறுபடி காத்திருந்தார். எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல் ஒன்று எழுந்து பாதியில் நின்றது. அதோடு கோணக்கொம்பி ஒரு சின்ன முனகல் முனகியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று. உதரவிதானம் அசைகிறபோதெல்லாம் அதற்கு வலித்தது.

அவர் முட்டிகளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. கன்று வளர வளர முன்பக்கம் தள்ளும். தள்ளத் தள்ளக் கம்பி முன்னால் போகும்.

நேராக முதலாளி வீட்டுக்குப் போனார். டாக்டரம்மா ஒரு கன்றுக்கு ஊசி போட வந்து, அங்கே உட்கார்ந்திருந்தார். காதுக்காரர் வாசற்படியில் நின்றபடியே சொன்னார். "வேலிக் கம்பி இல்லை. டயர்க் கம்பி. நான் கொண்டுவந்த டயரு. வெள்ளைநெற்றியை அறுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். குழித்தீனி தின்ன அத்தனை மாட்டுக்குள்ளேயும் இருக்கும். கோணக்கொம்பி முனகுது."

 முதலாளி, "கொசு வளருதுன்னு சொன்னீங்களே" என்றார், ஏதோ அதுதான் முக்கியம் என்பதுபோல.

டாக்டரம்மா எழுந்துவிட்டிருந்தார். "எத்தனை நாள்?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது நாளா நாற்பத்திரண்டு மாடு." அவ்வளவுதான் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

கோணக்கொம்பியின் இதயத்தைக் கேட்டார். வேகமாக அடித்தது, ஆனால் ஓசை தெளிவாக இருந்தது. இன்னும் நீர் கோக்கவில்லை. "சுவரைத் துளைச்சிருக்கு, நெஞ்சுக்குப் போய்ச் சேரலை. இப்பவே எடுக்கணும்."

முன்னங்கால்கள் உயரமாக இருக்கும்படி பலகை போட்டு, கோணக்கொம்பியை நின்ற நிலையிலேயே கட்டினார்கள். இடப்பக்கப் பள்ளத்தில், தினமும் அவர் காது வைக்கிற அதே இடத்தில், முடியை மழித்து மரத்துப்போக ஊசி போட்டு ஒரு முழ நீளத்துக்குக் கீறினார் டாக்டரம்மா. தோல், அதற்கடியில் மூன்றடுக்குத் தசை, ஈரத்தாள் போன்ற ஒரு சவ்வு, பிறகு பெரிய வயிறு. அதைத் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டு, கீறித் திறந்தார். ஆவி பறந்தது. புளித்த வாடை. இரண்டு வாளி தீனியை வெளியே வாரிப்போட்டார். கையுறை மாட்டித் தோள்வரை கையை விட்டார். கன்னம் மாட்டின் விலாவில் அழுந்த எக்கி நின்றார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"தேன்கூடு விரல் நுனியில படுது. முன்சுவருக்கு எட்ட மாட்டேங்குது." கையை வெளியே எடுத்து, சுற்றிலும் பார்த்தார். பார்வை காதுக்காரரின் கைகளில் நின்றது. நெட்டையான ஆள், சட்டைக் கை எப்போதும் அவருக்குக் குட்டை. "கழுவிட்டு வாங்க. தோள் வரைக்கும்."

"நானா?"

"பத்தொன்பது நாளை யாராலயும் திருப்ப முடியாது. கையைக் கழுவுங்க."

உள்ளே வெந்நீர்ச் சூடு. கை போகப் போக ஈரத் தீனி விலகி வழிவிட்டது. டாக்டரம்மா பக்கத்தில் நின்று வழி சொன்னார். "முன்னாடி போங்க. ஒரு மேடு தட்டும், வாசற்படி மாதிரி. தாண்டிக் கீழே இறக்குங்க." இறக்கினார். விரல்களுக்கடியில் ஆறு பக்க அறைகள். கண்ணால் ஒருதடவை பார்த்திருந்ததால் கை பயப்படவில்லை. சுவர் திடீரென்று அவர் விரல்களைச் சுற்றி இறுகி, பிழிந்து, விட்டது. பிறகு, அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து, ஏதோ கைமுட்டியால் கதவைத் தட்டுவதுபோல அடித்தது. மறுபடி அடித்தது.

"டாக்டரம்மா, ஏதோ தட்டுது."

"இதயம். நடுவில வேற ஒண்ணும் பெரிசா இல்லை. பதறாதீங்க. தட்டுற பக்கமா சுவரைத் தடவுங்க."

தடவினார். இருபத்தேழு வருஷத்தில் அவர் இவ்வளவு பயந்ததில்லை. தன் விரல் தவறி அழுத்தினாலே கம்பி போய்ச் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. ஒரு அறையின் மூலையில், ஒரு நாள் வளர்ந்த தாடி மயிர்போல் ஏதோ குத்தியது.

"இருக்கு."

"எவ்வளவு வெளியே நிக்குது?"

"நகத்தளவு."

"ரெண்டு விரலால கவ்வுங்க. ஆட்டாதீங்க. எந்தத் திசையில போயிருக்கோ அதே நேர்கோட்டுல பின்னால இழுங்க."

நகத்தால் கவ்வினார். நழுவியது. மறுபடி கவ்வினார். சுவர் சுருங்கும் நேரம் பிடியை விடாமல் அதோடு சேர்ந்து போய், தளரும் நேரம் இழுத்தார். வந்தது. கையை வெளியே எடுத்தபோது, விரலிடுக்கில் அந்த நெளிவு.

கீழே துழாவச் சொன்னார் டாக்டரம்மா. குத்தாமல் கிடந்த மூன்றை எடுத்தார். முன் கொட்டகையில் மூன்றாவதாகச் செத்த மாட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த காந்தத்தை டாக்டரம்மா போட்டுத் தைத்தார். தைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "உடைஞ்ச துண்டு உள்ளே நின்னிருக்கான்னு சொல்ல முடியாது. பார்க்கலாம்" என்றார்.

மற்ற நாற்பத்தொன்றுக்கும் காந்தம் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் காதுக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் பின் கொட்டகையில் ஐந்து மாடுகள் செத்தன. ஒவ்வொன்றையும் திறந்தபோது அவரே காலைப் பிடித்தார். ஐந்தாவதைத் திறந்த அன்று கேட்டார். "அன்னிக்கே சொல்லியிருந்தா எத்தனை பிழைச்சிருக்கும்?"

டாக்டரம்மா பொய் சொல்லிப் பழகாதவர். கத்தியைத் துடைத்தார். "மூணு நிச்சயம். நாலாவது சொல்ல முடியாது."

முதலாளி அவரை அனுப்பவில்லை. "உங்களை அனுப்பிட்டா எந்த மாடு நேத்து எப்படி இருந்துச்சுன்னு எனக்கு யாரு சொல்வா? இருங்க" என்றார். பிறகு, "ஆனா இனி நீங்க ஒண்ணு சொன்னா, நான் இன்னொருத்தரைக் கேட்பேன்" என்றார். விருந்தாளிகள் வந்தால் இப்போது அவரைக் கூப்பிடுவதில்லை.  ஒருநாள் சோறு போடும்போது மனைவி, "நான் வேற மாதிரி சொல்லியிருக்கணும்" என்றார். அவர் அதற்கு, "சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றார். உண்மைதான். மச்சினன் ஒருமுறை வந்து, "மாமா, எனக்கு என்ன தெரியும்" என்று நூறு தடவை சொல்லிவிட்டுப் போனான்.

கோணக்கொம்பி கிடேரி ஈன்றது. நன்றாகத் தின்றது, நன்றாகக் கறந்தது. ஆனால் முன்னங்கால் முட்டியைக் கொஞ்சம் அகட்டி நிற்கிற வழக்கம் மட்டும் போகவில்லை. டாக்டரம்மா வரும்போதெல்லாம் இதயத்தைக் கேட்பார். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்.

டிராக்டர்காரரை முதலாளி தானே போய்க் கூப்பிட்டார். அவர் அதற்குள் ஒரு கல்குவாரியில் சேர்ந்திருந்தார். முதல் தடவை வர மறுத்தார், இரண்டாம் தடவை வந்தார். டிராக்டர், தீனி கலக்கும் இயந்திரம், எல்லாம் பழையபடி அவர் கைக்கு வந்தது. எல்லாரையும் சிரிக்க வைத்தார், ஒருத்தரைத் தவிர. காதுக்காரர் இருக்கும் இடத்தில் அவர் பேச்சு நின்றுபோகும். எட்டு மாதம் இப்படியே போயிற்று. காதுக்காரர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். இரண்டு தடவையும் இயந்திரத்தின் சத்தம் கூடியது.

அதே குழியில் புதுத் தீனியைத் திறந்த நாலாம் நாள். அறுவடை முடிந்து, புதுச் சோளம், புதுத் தார்ப்பாய், மணல் மூட்டைகள். அறுபத்து நான்கில் மிஞ்சியவை ஐம்பத்தாறு, புதிதாய் வாங்கியவை பத்து. அந்தப் பத்துக்கும் காந்தம் இன்னும் போடவில்லை. அடுத்த வாரம் என்று இருந்தது.

இயந்திரம் திடீரென்று நின்றது. டிராக்டர்காரர் இறங்கி, தொட்டியில் கொட்டிய தீனியில் குனிந்தார். எதையோ இரண்டு விரலால் எடுத்தார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கொட்டகையின் நடுவழியே நடந்துவந்து காதுக்காரர் முன்னால் கையை நீட்டினார்.

ஒரு விரற்கடை நீளம். மண் ஒட்டிய, கருத்த நெளிவு. குழியின் அடி மண்ணில் ஒன்பது வருஷமும் உதிர்ந்தது எங்கே போயிருக்கும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

"இந்தாங்க" என்றார் டிராக்டர்காரர். எட்டு மாதத்தில் முதல் பேச்சு. அண்ணே என்கிற சொல் அதில் இல்லை. "உங்களுதுதான்."

காதுக்காரர் வாங்கிக்கொண்டார். தீனித் தட்டுகளின் இரண்டு வரிசையிலும் புது மாடுகள் தலையைத் தாழ்த்தித் தின்றுகொண்டிருந்தன. "எல்லாத் தட்டையும் வாரி வெளியே போடுங்க" என்று கத்திவிட்டு, கம்பியை உள்ளங்கையில் மூடாமல் விரித்து வைத்தபடி, முதலாளி வீட்டை நோக்கி அவர் ஓட ஆரம்பித்தார்.